மெழுகுத்தாளில் பதிந்த ஊர்

லண்டனில் புகைப்படச் சங்கம் தொடங்கியது 1853இல். அடுத்த ஆண்டே பம்பாயில் ஒன்று. 1856இன் தொடக்கத்தில் கல்கத்தாவில். அதன் ஈரம் காய்வதற்குள் 1856-57இல் சென்னையில். யார் முந்தி, யார் பிந்தி என்ற போட்டியில் எனக்கு ஆர்வமில்லை. தமிழ்நாட்டுப் போட்டோ கிளப் ஒன்றில் இளமையின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். எனக்கு முக்கியமானது வேறொன்று: சம்பளம் இல்லாமல், ஆசைக்காகக் கேமராவைத் தூக்கிய அந்த முதல் தலைமுறை எதைப் படம் எடுத்தது, எதற்காக எடுத்தது? எங்கள் தலைமுறைக் கிளப்புகள் அதில் எதைக் கைவிட்டன? பல வருடங்களாக மனத்தில் இருக்கும் கேள்விகள் இவை.

சென்னைச் சங்கத்தின் பின்னால் இருந்தவர் ஒரு மருத்துவர், அலெக்சாண்டர் ஹன்டர். கம்பெனி ராணுவத்து டாக்டர். 1850இல் பிராட்வேயில் தன் சொந்த முயற்சியில் ஓர் ஓவியப் பள்ளியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அதனோடு ஒரு தொழிற்பள்ளி சேர்ந்தது. 1855இல் அரசாங்கம் இரண்டையும் ஏற்றுக்கொண்டது. இன்று பூந்தமல்லி நெடுஞ்சாலையில் எழும்பூர் பக்கம் போகும்போது சிவப்புக் கட்டடங்களோடு தெரியும் அரசு கவின்கலைக் கல்லூரிக்கு வேர் அதுதான். சங்கத்துக்குத் தலைவராக வந்தவர் வால்டர் எலியட். சிவில் சர்வீஸ்காரர், நாணயம், கல்வெட்டு, பறவை, மீன் என எதைப் பார்த்தாலும் குறிப்பெடுத்துக்கொள்ளும் மனிதர். 1845இல் அமராவதி ஸ்தூபத்தைத் தோண்டி அதன் சிற்பப் பலகைகளைச் சென்னைக்குக் கொண்டுவந்தவரும் அவரே. அப்போதைய சென்னையில் கற்றறிந்த வெள்ளைக்காரர்களின் வட்டம் சிறியது. இலக்கியச் சங்கம், அருங்காட்சியகம், ஓவியப் பள்ளி, புகைப்படச் சங்கம் என்று எங்கே போனாலும் அதே முகங்கள்தான்.

அந்த வட்டம் கேமராவை அழகுக்கான கருவியாக மட்டும் பார்க்கவில்லை என்பது எனக்குப் பிடித்த விஷயம். 1855இல் சென்னையில் ஒரு பெரிய பொருட்காட்சி நடந்தது. தென்னிந்தியாவின் மூலப்பொருட்கள், கைவினைகள், உற்பத்திகள் எல்லாம் அதில் வைக்கப்பட்டன. அங்கே லினேயஸ் டிரைப் என்ற படை அதிகாரி ஹளேபீடு, பேலூர்க் கோயில்களின் படங்களை வைத்தார். பதக்கம் கிடைத்தது. தானியம், நூல், தோல், சாயம் ஆகியவற்றுக்கு நடுவே கோயில் படங்கள்! இந்த நாட்டில் என்ன இருக்கிறது என்று கணக்கெடுக்கும் வேலையில் புகைப்படமும் ஓர் ஆளாகச் சேர்ந்துவிட்டது. ஆளும் கம்பெனியின் கணக்கு அது என்பதை மறக்கக்கூடாது. ஆனாலும் அந்தக் கணக்கில் நம் கோயில்களும் அரண்மனைகளும் தெருக்களும் பதிவாகிவிட்டன.

டிரைப் 1822இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தவர். 1855இல் பர்மா அரசவைக்குச் சென்ற தூதுக்குழுவோடு போய் 120 படங்கள் கொண்ட தொகுப்பு ஒன்றை உருவாக்கினார். அதைக் கண்ட சென்னை அரசாங்கம் 1856இல் அவரை அரசுப் புகைப்படக்காரராக நியமித்தது. சங்கத்து உறுப்பினர் ஒருவரின் ஆசை, அரசாங்க உத்தியோகமாக மாறியது.

அந்தக் காலத்தில் ஒரு படம் எடுக்க என்ன பாடு பட வேண்டும் என்று தெரிந்தால்தான் அவர் எடுத்தவற்றின் மதிப்பு புரியும். அவர் கண்ணாடித் தகட்டை விடுத்துக் காகித நெகட்டிவைத் தேர்ந்தெடுத்தார். நல்ல மெல்லிய தாளில் உருக்கிய தேன்மெழுகை ஊற வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியால் அதிகப்படி மெழுகை ஒற்றி எடுக்க வேண்டும். பிறகு அயோடைடு கரைசல். உலர்ந்தபின் வெள்ளி நைட்ரேட். அந்தத் தாளைக் கேமராவுக்குள் வைத்து, நிமிடக்கணக்கில் லென்ஸைத் திறந்து வைக்க வேண்டும். பிறகு காலிக் அமிலத்தில் கழுவினால் உருவம் மெல்ல மெல்ல எழும். ஹைப்போவில் நிலைநிறுத்தி, திரும்ப நீரில் அலசி, திரும்ப மெழுகு பூச வேண்டும். நெகட்டிவ் எந்த அளவோ அச்சும் அந்த அளவுதான். பெரிதாக்கும் வசதி இல்லை. ஆகவே ஏறத்தாழ ஓரடி உயரம், ஒன்றேகால் அடி அகலத்துக்கு நெகட்டிவ் எடுக்கும் பெட்டியைச் சுமந்துகொண்டு போனார்கள். கண்ணாடித் தகடு முறையில் படம் இன்னும் துல்லியமாக வரும். ஆனால் ரசாயனத்தின் ஈரம் காய்வதற்குள் எடுத்து, அங்கேயே கழுவியாக வேண்டும். நம் ஊர் வெயிலில் அதிலுள்ள ஈதர் எவ்வளவு நேரம் நிற்கும்? மெழுகுத்தாளோ முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்ளலாம். எடுத்த சில மணி நேரம் கழித்தும் கழுவலாம். மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போகிறவருக்கு இது பெரிய உபகாரம்.

1857 டிசம்பரில் கிளம்பி 1858 ஏப்ரல் வரை டிரைப் தமிழ்நாட்டைச் சுற்றினார். ராயக்கோட்டை, ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவையாறு. வட இந்தியாவில் சிப்பாய்க் கலகத்தின் தீ இன்னும் அணையாத மாதங்கள் அவை. படங்கள் ஊர்வாரியாகத் தொகுதிகளாக வந்தன. மதுரைக்கு மட்டும் நான்கு பாகங்கள்.

மதுரைப் பாகங்களை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். திருமலை நாயக்கர் மகால் அதில் பாழடைந்து கிடக்கிறது. இன்று ஒலி-ஒளிக் காட்சி நடக்கும் அந்த முற்றத்தைத் தெரிந்தவர்களுக்கு அடையாளம் காண்பதே சிரமம். நேப்பியர் பிரபு ஆளுநராக இருந்த 1866-72 காலத்தில்தான் மகாலைப் பழுதுபார்க்கும் பணி தொடங்கியது. கட்டடக் கலைஞர் சிசம் அதைக் கவனித்தார். பழுதுபார்ப்பதற்கு முந்தைய நிலையை நமக்குச் சொல்பவை டிரைப்பின் படங்கள். இன்னொரு படத்தில் விளக்குத்தூண் நிற்கிறது. கோட்டைச் சுவரை இடித்து மாரட் வீதிகளுக்கு இடம் கொடுத்த கலெக்டர் பிளாக்பர்னின் நினைவாக எழுப்பியது. இப்போது அந்த இடத்தில் ஜவுளிக்கடைக் கூட்டத்தில் முழங்கையால் வழி உண்டாக்கித்தான் நடக்க முடியும். படத்திலோ சுற்றிலும் வெட்டவெளி. இரண்டு நிமிடம் லென்ஸ் திறந்திருந்தால் நடக்கிற மனிதர் யாரும் பதிய மாட்டார்கள் என்பதும் அந்த வெறுமைக்கு ஒரு காரணம். தெருவில் ஆள் நடந்திருப்பார். தாள் அவரை வாங்கிக்கொள்ளவில்லை. வானத்தைக்கூட அவர் அப்படியே விடவில்லை. அன்றைய ரசாயனத்துக்கு நீலம் வெறும் வெள்ளை, மேகம் விழாது. அதனால் நெகட்டிவின் மேல் வண்ணம் தீட்டி மேகங்களை அவரே வரைந்தார். நாங்கள் பிற்காலத்தில் டச்சிங் பென்சிலால் செய்ததை அவர் அன்றே செய்திருக்கிறார்.

எல்லாவற்றிலும் பெரிது தஞ்சைப் பெரிய கோயில் படம். விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டை எப்படி ஒரே படத்தில் அடக்குவது? அவர் அடக்கவில்லை. கேமராவை நகர்த்தி நகர்த்தி எடுத்து, 21 அச்சுகளை ஒட்டி ஒரே நீளமான படமாக்கினார். நீளம் ஏறத்தாழ 19 அடி. அந்தக் கல்வெட்டு என்ன சொல்கிறது என்று ஆய்வுலகம் முறையாக அறிந்துகொள்ள இன்னும் முப்பது ஆண்டு இருந்தது. 1886இல் அரசு கல்வெட்டாய்வாளராக வந்த ஹூல்ட்ஷ் படித்து, 1891 முதல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியாக அச்சுக்குக் கொண்டுவந்தபிறகுதான் ராஜராஜன் கொடுத்த பொன், விளக்கு, ஆடு, ஊர், தளிச்சேரிப் பெண்டுகளின் வீடு எல்லாம் வெளியே வந்தன. படிக்கத் தெரியாத எழுத்தை, பின்னால் யாராவது படிப்பார்கள் என்ற நம்பிக்கையில் ஒரு மனிதர் அங்குலம் அங்குலமாகப் படம் பிடித்திருக்கிறார். நான் தஞ்சாவூர்ப் பக்கத்தவன். அந்த அதிட்டானத்தின் மேல் கை வைத்து நடந்து வளர்ந்தவன். புகைப்படத்தின் உயர்ந்த பயன் எது என்று யாராவது என்னிடம் கேட்டால் இந்த 19 அடியைத்தான் காட்டுவேன்.

சுற்றுப்பயணம் முடிந்து திரும்பியதும், சென்னை அருங்காட்சியகத்திலிருந்த அமராவதிச் சிற்பங்களை டிரைப் எடுத்தார். நல்லவேளை எடுத்தார். 1859இல் அவை கப்பலேறின. இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவை சென்னையில் இருந்த காலத்தை இன்று அந்தப் படங்களில்தான் பார்க்க முடிகிறது.

அதே 1859இல் ஆளுநராக வந்தார் சார்லஸ் டிரெவெல்யன். கலகத்துக்குப் பிறகு கஜானா காலி. செலவைக் குறைக்க வந்தவர். அரசுப் புகைப்படப் பிரிவு ஆடம்பரம் என்று அவருக்குத் தோன்றியது. மூடச் சொல்லிவிட்டார். அச்சிட வேண்டியவற்றை அச்சிட்டு முடித்து டிரைப் அலுவலகத்தைக் காலி செய்தார். அதற்குப்பின் அவர் 1902 வரை வாழ்ந்தும், அந்த அளவில் புகைப்பட வேலை எதையும் செய்யவில்லை. முப்பத்தேழு வயதில் அப்படிப்பட்ட ஒரு கண்ணை மூடவைத்த முடிவை என்னால் மன்னிக்க முடியவில்லை. சிக்கனம் தேவைதான். ஆனால் மகாலையும் கல்வெட்டையும் பதிவு செய்வது ஆடம்பரமென்றால், எது அவசியம்?

அரசாங்கம் கைவிட்டதைப் பள்ளிக்கூடம் விடவில்லை. ஹன்டர் தன் கலைப்பள்ளியில் புகைப்படத்தையும் கற்றுக்கொடுத்தார். சங்கத்தின் உறுப்பினர் பட்டியல் துரைமார்களால் நிறைந்தது. பள்ளியின் வகுப்பறையோ நம்மவர்களால் நிறைந்தது. அங்கே தேர்ந்தவர்களில் ஒருவர் சி. ஐயாசாமி. நீலகிரியின் முதல் ஆணையர் பிரீக்ஸ் எழுதி, அவர் இறந்தபின் 1873இல் வெளியான நீலகிரிப் பழங்குடிகள் பற்றிய நூலில் உள்ள படங்கள் இந்தப் பள்ளிக்காரர்களின் கைவண்ணம். தோடர் மந்து, கோத்தர் குடியிருப்பு, மலைமேல் கிடக்கும் கல்வட்டங்கள். கல்கத்தாச் சங்கத்தில் ராஜேந்திரலால் மித்ரா பொருளாளராகவே இருந்தார். 1857இல் அவுரித் தோட்ட முதலாளிகளைக் கண்டித்துப் பேசியதற்காக அவரை வெளியேற்றினார்கள். பம்பாயில் டாக்டர் பாவு தாஜி இருந்தார். சென்னையில் அப்படி மேடையேறிய பெயர் எதுவும் என் கண்ணில் படவில்லை. ஆனால் வேலை தெரிந்த கை இருந்தது. ஐயாசாமியின் பெயரைத் தமிழ்நாட்டுப் புகைப்பட கிளப்புகள் ஒவ்வொன்றும் சுவரில் எழுதி வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

சென்னைப் படையைச் சேர்ந்த அலெக்சாண்டர் கிரீன்லா என்ற அதிகாரி 1856இல் ஹம்பியை இதே மெழுகுத்தாளில் எடுத்தார். டிரைப்புக்கு இருந்ததுபோல் அவருக்கு அது உத்தியோகமில்லை. 1983இல் ஆஸ்திரேலியப் புகைப்படக் கலைஞர் ஜான் கோலிங்ஸ், கிரீன்லா கேமரா வைத்த இடங்களிலேயே தன் கேமராவையும் வைத்து எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்தத் தூண் விழுந்தது, எது நிமிர்த்தி வைக்கப்பட்டது என்று விரலால் தொட்டுச் சொல்லலாம்.

இந்தக் கதையில் இருட்டான பக்கமும் உண்டு. 1876-78இல் தாது வருஷப் பஞ்சம். சென்னை மாகாணம் முழுதும் லட்சக்கணக்கில் செத்தார்கள். அப்போது ஹூப்பர் என்ற படை அதிகாரி, எலும்பும் தோலுமான குடும்பங்களை வரிசையாக உட்கார வைத்துப் படம் எடுத்தார். பஞ்சத்தின் கொடுமைக்கு அந்தப் படங்கள் சாட்சியாக நிற்கின்றன. ஆனால் ஸ்டுடியோவில் குடும்பப் படத்துக்கு நிறுத்துவதுபோல் அவர்களை ஒழுங்குபடுத்திய அந்தப் பார்வையை என்னால் சகிக்க முடிவதில்லை. இதே ஹூப்பர் 1886இல் மாண்டலேயில், சுட்டுக் கொல்லப்படும் தறுவாயில் இருந்த பர்மியர்களைக் கேமராவில் பிடிக்க முயன்று, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கேள்வி எழும் அளவுக்குக் கண்டனத்துக்கு ஆளானார். பதிவு செய்கிறேன் என்பது எல்லாவற்றுக்கும் அனுமதிச் சீட்டு ஆகாது.

1860களுக்குப்பின் மேடை தொழில்முறை ஸ்டுடியோக்களுக்குப் போயிற்று. சென்னையில் நிக்கலஸ், பிறகு வீல் அண்டு கிளைன், ஊட்டியில் பென். உலர் தகடு வந்தது. 1888இல் கோடக் வந்தது. ஆசைக்குப் படம் எடுப்பவர் தாளில் மெழுகு தேய்க்க வேண்டியதில்லை. இருபதாம் நூற்றாண்டில் கிளப் என்பதன் வேலையும் மாறியது. 1950இல் சர்வதேசக் கூட்டமைப்பான ஃபியாப், 1953இல் இந்தியப் புகைப்படக் கூட்டமைப்பு. அவற்றின் குடையின் கீழ் சலோன் போட்டிகள், பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளும் பட்டங்கள்.

எங்கள் கிளப் அந்தக் காலத்துக் குழந்தை. எழுபதுகளில் ஓர் உயர்நிலைப் பள்ளியின் மாடி வகுப்பறையில் மாதம் ஒரு ஞாயிறு கூடுவோம். ஒரு பல் மருத்துவர், கணக்கு வாத்தியார், அரிசி ஆலைக்காரரின் மகன், தபால் ஆபீசிலிருந்து நான், ஸ்டுடியோ வைத்திருந்த அண்ணன். பல் மருத்துவரிடம் ரோலிகார்ட்; மற்றவர்கள் பெரும்பாலும் பரோடாவில் செய்த அக்ஃபா கிளிக் III. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். ஊட்டியில் 1967இல் உற்பத்தி தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் இந்து ஃபிலிமும் இந்து பேப்பரும் எங்கள் மூலதனம். கடை அடைத்தபின் அண்ணன் தன் டார்க் ரூமைத் திறந்துவிடுவார். டி-76 டெவலப்பரை நாங்களே தராசில் நிறுத்துக் கலப்போம்: லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்பைட் 100, ஹைட்ரோகுவினோன் 5, போராக்ஸ் 2. சித்திரை வெயிலில் குழாய்த் தண்ணீர் வெந்நீராக வரும். ட்ரேயைச் சுற்றி ஐஸ் போட்டு 20 டிகிரிக்கு இறக்காவிட்டால் எமல்ஷன் சுருங்கிப்போகும். "தம்பி, ஹைப்போ பட்ட கையை டெவலப்பர்ல வைக்காதே. ஒரு சொட்டு போதும், எல்லாம் போச்சு" என்று அண்ணன் இருட்டில் குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார். யாரிடமும் அவர் கூலி கேட்டதில்லை. ஹன்டர் தொடங்கிவைத்த நல்ல மரபு அதுதான்: தெரிந்ததை ஒளித்து வைக்காமல் பக்கத்தில் நிற்பவனுக்குச் சொல்லிவிடுவது. கிளப் என்ற ஏற்பாட்டின் உயிரே அதில்தான் என்று இன்றும் நம்புகிறேன்.

ஆனால் சலோன் எங்கள் கண்ணை வேறு பக்கம் திருப்பியது. போட்டிக்கு அனுப்ப வேண்டுமானால் கல்லணையில் சூரியன் இறங்கும்போது கரும்நிழலாக ஒரு மாட்டு வண்டி. ஜன்னல் வெளிச்சத்தில் சுருக்கம் விழுந்த கிழவியின் முகம். பனியில் மீன்வலை வீசும் ஆள். ஊர்ப்பெயர் வேண்டாம், ஆள்பெயர் வேண்டாம். தலைப்பு மட்டும் 'அந்தி', 'அனுபவம்', 'உழைப்பு' என்று இருந்தால் போதும். கல்கத்தாவிலிருந்தோ ஹங்கேரியிலிருந்தோ ஏற்பு ஸ்டிக்கர் ஒட்டித் திரும்பிவரும் அச்சின் பின்பக்கத்தைத்தான் எல்லாரும் முதலில் பார்ப்பார்கள். தொழில்நுட்பத்தில் அந்தப் போட்டிகள் எங்களைச் செதுக்கின; அதை மறுக்க மாட்டேன். ஒரு அச்சில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே எத்தனை சாம்பல் நிறங்களைக் கொண்டுவரலாம் என்று கற்றது அங்கேதான். ஆனால் பேருந்து நிலையத்துக்கு முன்பு ஜட்கா வண்டிகள் நின்றது, பாலம் வருவதற்கு முந்தைய பரிசல் துறை, அரிசி ஆலையின் புகைபோக்கி, சத்திரத்தில் சோறு போட்ட வரிசை இவையெல்லாம் எந்த நடுவருக்கும் வேண்டாதவையாயின. ஊர் எங்கள் கண் முன்னால் மாறிக்கொண்டிருந்தது. கிளப் அடிவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எல்லாரும் அப்படி ஆகிவிடவில்லை. மா. கிருஷ்ணன் (1912-1996) பட்டங்களுக்காகப் படம் எடுத்தவர் அல்ல. கறுப்பு-வெள்ளையில், தானே இணைத்துக் கட்டிய கேமராவால், யானையையும் காட்டெருமையையும் அவை இருக்கிற காட்டோடு சேர்த்து எடுத்தார். 1968இல் நேரு ஆய்வு நல்கை பெற்று, தீபகற்பத்தின் பாலூட்டிகளைக் கணக்கெடுத்தார். தஞ்சாவூரில் பிறந்து பெங்களூருக்குப் போன டி.என்.ஏ. பெருமாள் சலோன் உலகத்தின் உச்சிப் பட்டங்களையெல்லாம் பெற்றவர். ஆனால் பறவைக் கூட்டின் முன்னால் மறைவுக்குள் உட்கார்ந்து அவர் எடுத்த படங்கள் இயற்கை அறிஞர்களுக்கும் ஆவணம். அழகும் பதிவும் எதிரிகள் இல்லை என்பதற்கு இவர்கள் போதும். டிரைப்பின் ஸ்ரீரங்க மண்டபங்களைப் பாருங்கள். அளவெடுத்த ஆவணம் அது, அழகிலும் குறைவில்லை.

எங்கள் கிளப்பிலும் ஒருவர் இருந்தார். கணக்கு வாத்தியார். அவருடைய அச்சுகள் ஒருபோதும் போட்டியில் தேறியதில்லை. கடைத்தெருவின் இருபுறமும் உள்ள பெயர்ப்பலகைகளை வரிசை தவறாமல் எடுப்பார். சில வருடம் கழித்து மறுபடி அதே வரிசையில் எடுப்பார். நெகட்டிவ் உறையின் மேல் தேதி, கடைப்பெயர், கடைக்காரர் பெயர், எந்தப் பக்கம் பார்த்து நின்று எடுத்தது என்பதுவரை பொடி எழுத்தில் எழுதி வைப்பார். "சார், இதுல கலை எங்க இருக்கு?" என்று அரிசி ஆலைக்காரர் மகன் கேட்டபோது, "இருக்கறத எழுதி வைக்கிறேன்ப்பா, கலைய நீங்க பாத்துக்கங்க" என்றார்.

அவர் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. நெகட்டிவ்களை அவர் மகள் பிஸ்கட் டப்பாக்களில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு பாதுகாத்து வைத்திருக்கிறார். பூஞ்சை பிடித்தவை சிலதான். கிளப்பின் பழைய ஆட்களில் மிஞ்சியவர்கள் சேர்ந்து அவற்றை ஸ்கேன் செய்து வருகிறோம். வார இறுதிகளில் கேமராவோடு தெருச் சுற்றும் இளைஞர் கூட்டம் எங்கள் ஊரிலும் இருக்கிறது. அவர்களில் இருவர் கணினி வேலையைக் கவனிக்கிறார்கள். வாத்தியார் நின்ற இடத்திலேயே நின்று இன்றைய கடைத்தெருவையும் எடுக்க ஆரம்பித்திருக்கிறார்கள். சிரமம் பெயர்களில்தான். உறையில் எழுதியிருக்கும் கடைக்காரர்கள் யார் வழி, எந்தத் தெருவுக்கு மாறினார்கள், கடை எப்போது கைமாறியது என்று கேட்டு எழுத வேண்டியிருக்கிறது. அதற்காகப் பழைய ஆட்களின் வீட்டுத் திண்ணைகளுக்குப் போய்வருகிறோம். மேற்குப் பக்கத்துப் பாத்திரக்கடை வரிசை முடிந்துவிட்டது. நாட்டு மருந்துக் கடையிலிருந்து தேரடிவரை இன்னும் பாக்கி.